பதினோராவது பொருத்தம்

பத்துப் பொருத்தமும் இருந்தது. பதினோராவதாக நிலத்தடி நீர்ப் பொருத்தம் பார்க்க, அடுத்த தெருவிலிருந்து அதிர்வு லாரியோடு வந்தார் மாப்பிள்ளையின் அப்பா செங்கோடன். நான் காபி கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எங்கள் போர்வெல்லைப் பார்த்தார்.

போருக்குள் அதிர்வைக் கேட்கும் மைக்குகளை இறக்கினார்கள். லாரி வாசலில் நின்று தரையைக் குத்தியது. திரையில் பாறைக்கு நடுவே தண்ணீரைக் காட்டும் நீலம் கொஞ்சம் தெரிந்தது.

"வாசல்ல குத்துனா குழியை ஒட்டித்தானுங்க தெரியும். தள்ளிப் போய்க் குத்தோணும்," என்றார் ஆபரேட்டர்.

"குத்துப்பா. மருமவ ஊட்டுத் தண்ணி எதுவரைக்கும் போகுதுன்னு பார்த்துப்போடலாம்," என்றார் அந்தப் பெரிய மனுஷன்.

லாரி நாலு தெருவிலும் குத்திவிட்டு வந்தது. இப்போது படம் அகலமாக விரிந்தது. எண்ணூறு அடியில், எங்கள் நீரோட்டத்துக்குள் பக்கவாட்டில் துளைத்த சைடு போர் ஒன்று நுழைந்திருந்தது. ஆபரேட்டரின் விரல் அதன் வழியே நகர்ந்து, செங்கோடன் வீட்டுக்கு அடியில் போய் நின்றது.

அப்பா, திருடியது தான்தான் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

செங்கோடன் தொண்டையைச் செருமிவிட்டு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அந்தக் காபியும் எங்கூட்டுத் தண்ணிதானுங்க," என்றேன். "அதையாச்சும் வெச்சுட்டுப் போங்க."