சிக்கந்தர் கடையின் இனாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சிக்கந்தரின் கண்ணுக்குத் தப்பிய வைரஸ் இன்றுவரை பிறக்கவில்லை. ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் சிக்கந்தரே சொன்ன தகவல் இது.

"மூணாவது தடவைண்ணே! திறந்தாலே விளம்பரமா கொட்டுது," என்று பக்கத்து ஊரான செமோரில் டியூஷன் எடுக்கும் டீச்சர் விமலா மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள். "இன்னிக்குச் சரியாகலன்னா பெற்றோர் குரூப்புல உங்க கடைப் பேரப் போட்டுருவேன்."

"செமோர்ல எல்லாருக்கும் இதே சீக்குதான்லா. இந்த மாசம் மட்டும் இருபது பேரு வந்தாங்க. நெட்டுல எடுத்த இலவசக் கிளீனர் சாஃப்ட்வேர மறுபடி ஓட விடுறேன். எங்க அத்தா நாசி கண்டார் சோத்துக் கடையில குழம்பு ஊத்துற மாதிரி, கேக்காமலே எல்லாருக்கும் போட்டுவிடுவேன்."

விமலா அதற்குள் விளம்பரம் கொட்டும் மென்பொருளை ரைட் கிளிக் செய்து, அதன் டிஜிட்டல் கையெழுத்தைத் திறந்திருந்தாள்.

சிக்கந்தர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஃபைலுக்கு ஐசி கார்டு கேக்குறீங்களா? நீங்க என்ன இமிகிரேசனா டீச்சர்?"

"யாரு வெளியிட்டதுன்னு இதுல இருக்குண்ணே." ஏதோ ஒரு விளம்பரக் கம்பெனியின் பெயர் இருந்தது. அடுத்து அவள் கிளீனரின் கையெழுத்தையும் திறந்தாள்.

அதே கம்பெனி.

"அப்போ அந்த இருபது பேருக்கும்..." என்று விமலா இழுத்தாள்.

"அலாமாக்! குரூப்புல மட்டும் போட்டுறாதீங்க டீச்சர். நானே எல்லாரையும் கூப்பிட்டு எடுத்துவிடுறேன்."

இரண்டையும் நீக்கிக் கொடுத்தார். அவள் படியிறங்கியதும், தம் கணினித் திரையைத் தெருவுக்குத் தெரியாதபடி திருப்பிவைத்து, ஒவ்வொரு ஃபைலாக ரைட் கிளிக் செய்யத் தொடங்கினார்.