தோட்டக் குரல் தேவை

"இன்னும் கொஞ்சம் தோட்டத்து ஆள் மாதிரிக் கதையுங்கோ" என்றார் கொழும்பு விளம்பரக் கம்பனியிலிருந்து வந்திருந்த குணரத்தினம்.

அம்மாக்கண்ணு தன்னை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, காலில் அட்டை கடித்த ரத்தம். இதற்கு மேல் எப்படித் தோட்டத்து ஆள் ஆவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற இடத்தில், ஒலிப்பதிவு யந்திரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. வானொலியின் வர்த்தக சேவைக்கு ஒரு தேயிலை விளம்பரம். பாக்கெட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைப் போட்டாயிற்று. வானொலியில் படம் காட்ட முடியாது, குரல்தான் வேண்டும்.

தோட்டத்திலேயே பெரிய வாய் அம்மாக்கண்ணுவுடையது என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கைகாட்டிவிட்டார். அந்த வாயால் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்தான்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி: "இது நம்ம நாட்டுத் தேயிலைங்க."

ஐந்து தடவை சொல்லிவிட்டாள். ஐந்தும் சரியில்லையாம்.

"நாங்கள் வானொலியில போடுற நாடகங்களில தோட்டத்து ஆக்கள் இப்பிடித்தான்" என்று குணரத்தினம் எழுந்தார். இடுப்பை வளைத்தார். கையைக் கட்டினார். "சாமியோவ்! இது நம்ப நாட்டுத் தேயிலீங்கோவ்!" என்று கூவினார்.

களமே சிரித்தது. அவளோடு கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்கய்யா, இங்க யாராச்சும் இப்படிப் பேசுனா கோடாங்கியக் கூப்புட்டு வேப்பில அடிப்போம்" என்றாள் அம்மாக்கண்ணு.

கண்டாக்கு பல்லைக் கடித்தார். தோட்டத்தை நடத்தும் துரை தூரத்தில் ஜீப்பில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "காரியத்தக் கெடுத்தியோ, நாளையிலருந்து ஒனக்கு உச்சி மலதான்" என்று கண்டாக்கு அவள் காதருகே உறுமினார்.

உச்சி மலை என்றால் அட்டை, வழுக்கல், குளிர் காற்று.

அம்மாக்கண்ணு தொண்டையைச் செருமினாள். குணரத்தினத்தைப் போலவே இடுப்பை வளைத்தாள், கையைக் கட்டினாள், அவர் கூவியதை அவரைவிட ஒரு பங்கு கூட்டிக் கூவினாள். அவரைத்தான் கேலி செய்கிறாள் என்று அங்கே தெரியாதவர் ஒருவர்தான்.

"அருமை! இதுதான் அசல்!" என்று அவர் கை தட்டினார்.

சன்மானம் ஒரு பாக்கெட் தேயிலை. பறித்தது அவள்தான், பாக்கெட்டில் பார்ப்பது முதல் தடவை.

பிறகு கம்பனித் தாள் ஒன்றை மேசையில் விரித்தார். இந்தக் குரல் இனிமேல் கம்பனிக்குச் சொந்தம், அதற்கு ஒரு கைநாட்டு.

"கொரலு மட்டுந்தானுங்களே? வாயி எனக்குத்தானே?"

மறுபடி சிரிப்பு. அவர் காதில் வாங்காமல் பேர், வயது, தோட்டம் என்று கேட்டுக் கேட்டு நிரப்பினார். கடைசிக் கட்டத்துக்கு அவளைக் கேட்கவில்லை. "நாடு, இலங்கை" என்று தானே வாய்க்குள் சொல்லி எழுதினார்.

அம்மாக்கண்ணுவின் சிரிப்பு நின்றது.

"அத இன்னொருக்காப் படிங்க."

படித்தார்.

"இதே மாதிரி எனக்கு ஒண்ணு வேணும். கம்பனி முத்திரையோட."

"உங்களுக்கு எதுக்கு?"

அவள் பெருவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். கைநாட்டு இல்லாத குரலைக் கம்பனியால் வானொலியில் விட முடியாது. கண்டாக்கு அதட்டிப் பார்த்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விரல் வெளியே வரவில்லை.

கடைசியில் குணரத்தினம் முனகிக்கொண்டே இன்னொரு தாளை எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

"ரேடியாக்காரியாயிட்டா! சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிப் பொட்டு வைக்கப் போறா" என்றாள் பேச்சியம்மா. அம்மாக்கண்ணு தாளை நாலாய் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த வாய் சும்மா இருந்ததை அன்றுதான் தோட்டம் பார்த்தது.

மறுநாள் பெரட்டில் அவள் பேரைக் கண்டாக்கு மூன்று தரம் கூப்பிட்டார்.

அவள் ஹட்டனுக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு காகிதங்கள். ஒன்று நேற்று வாங்கியது.

மற்றது போன மாதம் ஹட்டனிலிருக்கும் அரசாங்கப் பிரஜாவுரிமைக் கந்தோரிலிருந்து வந்தது. அம்மாக்கண்ணு இந்த நாட்டு ஆள் என்பதற்கு எழுத்தில் எந்த அத்தாட்சியும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.