மீதமுள்ள ஒரு வீடியோ

மதிய வெயில் சமையலறை மேசையில் விழுகிறது. நறுக்கிய தேன் சோப்புகள் மஞ்சளாக மின்னுகின்றன. பர்னி நகரின் கடற்காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. என் மனைவி பிரையனி நடத்திய இணையக் கடை இது. அவளுடைய வீடியோக்களில் முகம் வராது. சோப்பைக் காகிதத்தில் மடித்து நூல் கட்டும் இரண்டு கைகள்தான் வரும். அவள் எடுத்து வைத்திருந்தவை, அவள் இறந்த பிறகும் வாரம் ஒன்றாக வெளியாயின. இனி ஒன்றுதான் மீதி. மடிக்கணினித் திரையில் லீயான் சிரிக்கிறாள். சிறு கடைக்காரர்களுக்கு விளம்பர யோசனை சொல்வது அவள் தொழில்.

"இன்னிக்கே அதப் போட்டுடு கண்ணு. ஒரு வாரம் விட்டா ஜனங்க மறந்துடுவாங்க. கூடவே உன் கதையையும் எழுது, சோகம் நல்லா ஓடும்."

"நான் சோப்புதானே விக்கிறேன், லீயான்."

"ஆமா, இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சோப்பு வித்துருவியாக்கும்!"

அழைப்பைத் துண்டிக்கிறேன். பிரையனியின் கடைசி வீடியோவை வெளியிடும் வரிசையிலிருந்து எடுத்துவிடுகிறேன். செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து, என் கைகளால் ஒரு சோப்பை மடிக்கிறேன். நூல் இரண்டு முறை நழுவுகிறது. அப்படியே வெளியிடுகிறேன். உடனே ஒரு வாடிக்கையாளர் கேட்கிறார்: "இது யாரு கை? பிரையனிக்கு லீவா?"

'ஆமாம்' என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் உட்கார்ந்திருக்கிறேன்.