பார்க்க வந்த அத்தை

கடலூர் மருத்துவமனையின் பெண்கள் வார்டில், சாயங்கால வெயில் கட்டிலின் கால்மாட்டில் மங்கலாகக் கிடக்கிறது. உடம்பைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்து சிதம்பரம் கல்லூரி விடுதியில் மயங்கி விழுந்த ஷெரினின் கையில் குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. "ஒரே ஒரு வாய் குடிச்சிடும்மா" என்று அம்மா லூர்துமேரி கஞ்சி ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோகிறாள். ஷெரின் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறாள். கன்ன எலும்பு தோலைத் துருத்திக்கொண்டு நிற்கிறது. புவனகிரியிலிருந்து பார்க்க வந்த அத்தை, ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு அந்தக் கன்னத்தை வருடுகிறாள். "முன்ன எவ்ளோ குண்டா இருந்த! இப்பத்தாண்டி பாக்க லட்சணமா இருக்க." இங்கே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத ஷெரின், முகமெல்லாம் மலர, "நெசமாவா அத்த?" என்கிறாள். லூர்துமேரி ஸ்பூனைக் கீழே வைக்கிறாள்.