ஐயா சொல்றாரு

அண்ணி குனிந்து, ஐயாவின் உதட்டருகே காதைக் கொண்டுபோனாள்.

சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கட்சிச் செயலாளர் கேள்வியைக் கேட்டு முடித்திருந்தார். ஜனாதிபதித் தேர்தலில் ஐயா மறுபடியும் நிற்கிறாரா, இல்லையா? மாலைக்குள் அறிவித்தாக வேண்டும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து இதுதான் நடைமுறை. சக்கர நாற்காலியில் இருந்தபடி ஐயா கோணிய வாயால் ஏதோ முனகுவார். அவர் மனைவியான அண்ணி காதில் வாங்கி, நிமிர்ந்து, "ஐயா சொல்றாரு" என்று ஆரம்பிப்பாள். செயலாளர் குறித்துக்கொள்வார். மறுநாள் அது அரசாணை.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் தொடங்கியது இது. கட்டிலைச் சுற்றி நின்றவர்கள், அடுத்து யார் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தபோது ஐயா முனகினார். "யாரும் அவசரப்பட வேண்டாம்னு சொல்றாரு" என்றாள் அண்ணி, சட்டென்று. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் பேச்சு அவளுக்கு மட்டும்தான் புரியும் என்பது இன்று நாடறிந்த விஷயம். இத்தனை வருடத் தாம்பத்தியம் என்றால் சும்மாவா என்று ஒரு பத்திரிகை உருகி உருகி எழுதியது.

கால்நடைத்துறை அமைச்சர் மட்டும் உருகவில்லை. நிதித்துறையில் ராஜாவாக இருந்த அவரை, ஐயாவின் ஒரே ஒரு முனகல் மாட்டுத்தீவனத்தோடு மாரடிக்க அனுப்பியிருந்தது.

"ஐயா ரொம்பச் சுருக்கமா பேசறாரு அண்ணி. நீங்கதான் விரிவா சொல்றீங்க" என்றார் அவர், பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு.

"இத்தனை வருஷம் மேடையில விரிவா பேசினவர்தானே? இப்ப கொஞ்சம் சுருக்கமா பேசட்டுமே."

செயலாளர் சிரித்தார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கும் அவள் அண்ணிதான். கட்சியில் எல்லோருக்குமே அண்ணிதான்.

அந்த மேடைப் பேச்சுகள் முழுக்க அவள் எழுதியவை. கல்யாணமான புதிதில், தட்டச்சு வேலை முடித்து வந்து, அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் எழுதிக் கொடுத்தாள். எந்தத் தொகுதியில் நிற்பது, யாரைக் கூட்டுச் சேர்ப்பது, யாரைக் கழற்றிவிடுவது, எல்லாம் அவள் போட்ட கணக்கு. சுவரொட்டிக்கு எவ்வளவு சிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவளும் அவளே.

அவர் வாயில் என் வார்த்தை இருப்பது ஒன்றும் புதிதில்லையே. இப்படித்தான் மனசுக்குச் சமாதானம் சொல்வாள். மனசும் கேட்டுக்கொள்ளும்.

இன்று கேட்க மறுத்தது. காலையில் டாக்டர் அவளை மாடிப்படியில் நிறுத்தியிருந்தார்.

"இன்னொரு தேர்தலை இந்த உடம்பு தாங்காதும்மா. ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போனீங்கன்னா, முழுசாத் திரும்பி வர மாட்டாரு."

நிற்காவிட்டால்? கால்நடைத்துறை இந்த மாளிகைக்குக் குடிவரும். அவள் ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்துக் கட்டிய பிரசவ ஆஸ்பத்திரிகள் அந்த அமைச்சரின் மச்சான் கைக்குப் போகும். அவள், டெலிபோன் அடிக்காத ஏதோ ஒரு வீட்டில், அண்ணி என்று கூப்பிட ஆளில்லாத ஒரு கிழவியாக உட்கார்ந்திருப்பாள்.

ஐயாவின் உதடு அசைந்தது. மூச்சு அவள் காதில் சூடாகப் பட்டது.

அவள் உடனே நிமிரவில்லை.

"ஐயா என்ன சொல்றாரு அண்ணி?"

கைக்குட்டையை எடுத்து அவர் வாயோரத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவர் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. அவள் கைக்குட்டையை மட்டும் பார்த்தாள்.

"ஐயா சொல்றாரு..." செருமிக்கொண்டாள். "ஜனங்க கூப்பிடும்போது மாட்டேன்னு சொல்ல மனசு வரலையாம். நிக்கிறாராம்."

செயலாளர் கைதட்டியே விட்டார். கால்நடைத்துறையும் தட்டினார், கொசு அடிக்கிற மாதிரி.

ஐயா தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார்.

"பாருங்க, எப்படி உணர்ச்சிவசப்படறாரு" என்றார் செயலாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர்கள் போனதும், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் உள்ளே வந்தாள். தினமும் ஐயாவின் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து, உதட்டைக் குவிக்கவும் விரிக்கவும் பழக்குகிறவள்.

"ஏதாவது முன்னேற்றம் தெரியுதா அண்ணி?"

"ஒண்ணும் தெரியலம்மா." அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பாவம், அவரை ஏன் படுத்தணும்? நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அருகில் வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசை விட்டுடாதீங்க அண்ணி. உங்களுக்காவது அவர் பேசறது புரியுதே."

அண்ணி கையை உருவிக்கொண்டாள்.

இத்தனை மாதமாக அவர் முனகியதில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரிந்ததில்லை.

இன்றுதான், முதல்முறையாக, ஓர் எழுத்தும் சிதறாமல் சொன்னார்.

"போதும்மா. வீட்டுக்குப் போலாம்."