இருட்டறையில் இருபதுக்கு இருபது

விளக்கை அணைத்துவிட்டு, கதவிடுக்கில் கறுப்புத் துணியைத் திணித்தாள் அவள். "அண்ணே, செல்போனைக் குடுத்தாச்சா? வாட்ச்?"

"எல்லாம் குடுத்தாச்சு தங்கச்சி. உருவுறதுக்கு இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்லை," என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

வழிப்பறி இல்லை, ஆராய்ச்சி. விழித்திரையில் குச்சி செல், கூம்பு செல் என்று இரண்டு வகை. பகலையும் நிறத்தையும் கூம்பு பார்த்துக்கொள்ளும். மங்கல் வெளிச்சமெல்லாம் குச்சியின் பொறுப்பு. எவ்வளவு சின்ன வெளிச்சத்தைக் குச்சி செல் பிடிக்கும் என்கிற கேள்வி நான்கு வருடமாக அவள் தலையைத் தின்கிறது. அதனாலும், ஆள் ஒல்லி என்பதாலும், ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பேரே குச்சி.

இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் தண்ணீர் வாரியத்துக்காரர். எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறதென்று, ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் மேலே நின்றே சொல்லிவிடுகிற ஆள். சோதனைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்துப் போன வாரம் வந்தார். இருபது தடவை வெளிச்சம் விட்டாள். இருபது தடவையும் பித்தானை அமுக்கினார். மற்றவர்கள் மூன்று, நான்கு என்று முக்கித் தள்ளிய இடம் அது.

பேராசிரியர் அம்மா நம்பவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு முன்னாடி செஞ்சு காட்டு. இல்லேன்னா ரூமைக் கூம்புக்குக் குடுத்துருவேன்," என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். கூம்பு என்பவன் பக்கத்து மேசைக்காரன், கூம்பு செல் ஆராய்கிறவன். நேற்றே டேப்பை வைத்து அறையை அளந்துவிட்டான். அறை போனால் அவளுடைய நான்கு வருடமும் போயிற்று.

இன்று வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி. பேராசிரியர் உள்ளேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கண் இருட்டுக்குப் பழக முக்கால் மணி நேரம் விட்டாள். தானாக வெளிச்சம் விடுகிற கருவி போன மாதமே படுத்துவிட்டது. அதனால் இப்போது எல்லாம் கைவேலை. அவள் முன்னால் இரண்டு விசை. ஒன்று ஊசிமுனை வெளிச்சத்தை விடும், இன்னொன்று சும்மா. இரண்டுக்கும் ஒரே சத்தம்தான், டிக்கென்று. சத்தத்தை வைத்து யாரும் பித்தலாட்டம் செய்ய முடியாது.

"ஞாபகம் இருக்குல்ல அண்ணே? நான் வெளிச்சம் விட்டா அமுக்கணும். விடலேன்னா அமுக்கக் கூடாது."

"அதுல என்ன கஷ்டம்? போடு தங்கச்சி."

டிக். டிக். டிக். நாற்பது தடவை. இருபது வெளிச்சம், இருபது சும்மா, முறையில்லாமல் கலந்து கட்டி.

விளக்கைப் போட்டதும் மூன்று பேரும் கண்ணைக் கசக்கினார்கள். அமுக்கியதை எண்ணும் பெட்டியை முதலில் எட்டிப் பார்த்தவர் பேராசிரியர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

"வெளிச்சம் விட்டது இருபது. அமுக்கினது இருபது. தப்பா அமுக்கினது, ஒண்ணுகூட இல்லை."

குச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்திலிருந்த ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த கூம்பு பெட்டியைப் பார்த்தான், டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். "குச்சி, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு தாயே. நாளைக்கு விலை ஏறிடும்."

"உனக்கெல்லாம் வரிசையில நின்னாத்தான்."

புருஷனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்பாடா. வண்டிச் சாவி எங்க இருந்துச்சு?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எட்டு வருடமாகப் பல் தெரியச் சிரித்திராத பேராசிரியர் சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தார். "ரூம் என்ன ரூம், மாடி முழுக்க உனக்குத்தான்டி. உலகத்துலயே இப்படி ஒரு விழித்திரை கிடையாது. இவரை இப்படிச் சும்மா உட்கார வைக்காதீங்க, முதல்ல டீ குடுங்க."

தண்ணீர் வாரியத்துக்காரர் டீயை வாங்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்ட வழிப்போக்கன் மாதிரி இருந்தது அவர் முகம்.

கூம்பு அவர் கண்ணுக்குக் கிட்டே குனிந்து பார்த்தான். "அண்ணே, இது கண்ணா, டெலஸ்கோப்பா?"

"தள்ளுடா, கண் பட்டுடப் போகுது," என்று குச்சி அவனைப் பிடித்து இழுத்தாள்.

பேராசிரியர் நோட்டைப் பிரித்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். "ஐயா, இது கட்டுரையில முதல் வரியா வரப்போகுது. நிதானமாச் சொல்லுங்க. அந்த வெளிச்சம் எப்படி இருந்துச்சு? புள்ளியா? புகை மாதிரியா? பச்சையா, வெள்ளையா?"

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"வெளிச்சம் எதுவும் நான் பார்க்கலைங்களேம்மா."

பேராசிரியரின் பேனா நின்றது. "பார்க்கலையா? அப்புறம் எதை வச்சு அமுக்குனீங்க?"

"வெளிச்சம் விடும்போது மட்டும் தங்கச்சி மூச்சைப் பிடிச்சுக்குதுங்க."