அரை கிராம் உப்பு

மதிய வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக மேசைமேல் விழுகிறது. கணவர் உணவுப் பட்டியலை முகத்தருகே பிடித்து வாசிக்கிறார். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் கலோரி, கொழுப்பு, உப்பு என்று பொடி எழுத்தில் அளவு போட்டிருக்கிறது. அவருக்கு இதயம் பழுதான நாள் முதல், இரண்டு வருடமாக, மனைவி உப்பை நிறுத்துப் போட்டுத்தான் சமைக்கிறாள். விருந்துக்குப் போனாலும் அவள் சமைத்த சாப்பாட்டு டப்பா கூடவே போகும். இன்றுதான் வெறுங்கையோடு வந்திருக்கிறார்கள். "வேகவெச்ச மீன்ல அரை கிராம்தான். நான் சாப்பிடலாம்," என்கிறார். அவள் வாங்கி, விரல் வைத்து இரண்டு முறை படிக்கிறாள். மனம் ஆறவில்லை. "இந்தக் கணக்கு சரிதானாம்மா? இவருக்கு உப்பு ஆகாது," என்று பரிமாறும் பெண்ணைக் கேட்கிறாள். "சரிதாங்க. எங்க சமையல்காரர் எல்லாத்தையும் நிறுத்துத்தான் போடுவாரு. அவருக்கும் இதே தொல்லை." ஆவி பறக்க இரண்டு தட்டுகள் வருகின்றன. பழக்கத்தில் மனைவியின் கை உப்பு பார்க்க அவர் தட்டுப் பக்கம் நீள்கிறது. "நீ சாப்பிடு, ஆறிடப்போகுது," என்கிறார் அவர். முதல் கவளத்தை அவள் மெதுவாக, கண்ணை மூடி மெல்கிறாள். தண்ணீர் ஊற்ற வரும் பரிமாறும் பெண்ணின் கையை மனைவி தொட்டு நிறுத்துகிறாள். "சமையல்காரர்கிட்ட சொல்லும்மா, இன்னைக்கு நான் அடுப்பே பத்தவைக்கலைன்னு."